ஊர் பேர் தெரியாதவரின் இரத்தம்



ஹில்ஸ்பரோவிலிருந்து காரில் புறப்பட்டால் கால் மணித்தியாலத்தில் கிரீன்லேன் போய்விடலாம். கண் கிளினிக்குக்கும் வேறு பரிசோதனைகளுக்கும் நம்மவர்கள் அடிக்கடி போய்வரும் இடம். அதையொட்டிய கோர்ன்வோல் பூங்காவில் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் காயப்பட்ட தன் படையினருக்காக ஒரு வைத்தியசாலை கட்டியது. போர் முடிந்தபின் தேசிய மகளிர் வைத்தியசாலை அந்தக் கட்டடங்களில்தான் ஆரம்பமானது. 2004இல் கிராஃப்டனுக்கு மாறும்வரை அது அந்தச் சுற்றாடலிலேயே இயங்கியது. தொண்ணூறுகளில் இங்கே பிறந்த நம் பிள்ளைகள் சிலரும் அங்கேதான் பிறந்தார்கள்.

1963 செப்டெம்பரில் அந்த வைத்தியசாலையில் நடந்த ஒரு காரியத்திலிருந்து இந்த மாதப் பேச்சைத் தொடங்குகிறேன். பேச்சின் பொருள் இரத்ததானம்.

கருவிலிருந்த பிள்ளைக்கு இரத்தம்

ஏ, பி, ஓ, ஏபி என்று இரத்தத்தில் வகைகள் உண்டென்பது எல்லோருக்கும் தெரியும். இதற்கு வழிகாட்டியவர் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர். தன் கண்டுபிடிப்பை அவர் 1901இல் வெளியிட்டார். பிறகு அமெரிக்காவில், 1940இல், வீனர் என்பவரோடு சேர்ந்து ஆர்எச் என்ற இன்னொரு வேறுபாட்டையும் கண்டறிந்தார். நம் இரத்த வகையின் பக்கத்தில் பொசிற்றிவ், நெகற்றிவ் என்று எழுதுகிறார்களே, அது இதுதான்.

தாய் நெகற்றிவாக இருந்து, வயிற்றிலுள்ள பிள்ளை தகப்பனைப் போலப் பொசிற்றிவாக இருந்தால் ஒரு சிக்கல் வரலாம். பிரசவ நேரத்தில் பிள்ளையின் இரத்தம் சிறிது தாயின் உடம்புக்குள் சேரும். தாயின் உடம்பு அதை அந்நியமாக எண்ணி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். முதற்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளை உருவாகும்போது அந்த எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியே போய்ப் பிள்ளையின் செங்குருதிக் கலங்களை அழிக்கத் தொடங்கும். பிள்ளை கருவிலேயே இறந்துபோகும், அல்லது கடும் மஞ்சட்காமாலையோடு பிறக்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரை அக்காலத்தில் ஊரார் இராசியில்லாதவர்கள் என்று பேசினார்கள். காரணம் இரத்தத்தில் இருந்தது.

தேசிய மகளிர் வைத்தியசாலையில் பணியாற்றிய வில்லியம் லைலி இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டார். 1929இல் ஒக்லாந்தில் பிறந்தவர். ஆபிரிக்காவில் சில குழந்தைகளுக்கு வயிற்றுக் குழிக்குள் இரத்தம் செலுத்துகிறார்கள் என்றும், அது மெதுவாக உறிஞ்சப்பட்டு உடம்பில் சேர்கிறது என்றும் அவருக்குத் தெரியவந்தது. கருவிலுள்ள பிள்ளைக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று யோசித்தார். எக்ஸ்ரே படத்தின் துணையோடு, தாயின் வயிற்றினூடாக நீண்ட ஊசியைச் செலுத்தி, பிள்ளையின் வயிற்றுக் குழிக்குள் செங்குருதிக் கலங்களை ஏற்றினார். முதல் மூன்று பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. நாலாவது பிள்ளை 1963 செப்டெம்பரில் உயிரோடு பிறந்தது. பிறக்கு முன்னரே இரத்தம் ஏற்றிக் காப்பாற்றப்பட்ட உலகின் முதற் பிள்ளை அது. லைலிக்கு 1973இல் சேர் பட்டம் கிடைத்தது. 1983இல் அவர் காலமானார்.

லைலியின் பெயர் மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. அந்த ஊசி வழியே போன இரத்தத்தைக் கொடுத்தவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. யாரோ ஒருவர், எந்தப் பிள்ளைக்கு என்று தெரியாமலே, கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படிக் கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? நான் கணக்காளனாக இருந்து பழகியவன். ஒரு தொகையைக் கண்டால் அது எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பார்ப்பது என் பழக்கம்.

அகதிகளுக்கு உதவியவர் தொடங்கிய பட்டியல்

ஆரம்ப காலத்தில் இரத்தம் தேவைப்பட்டால் நோயாளியின் உறவினர், இல்லாவிட்டால் வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள், அதுவும் இல்லாவிட்டால் காசுக்குக் கொடுப்பவர்கள் என்றுதான் தேடினார்கள். உறவினர் வந்தாலும் வகை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நோயாளியின் விதி அவ்வளவுதான்.

லண்டனில் கம்பர்வெல் நகரசபையில் உத்தியோகம் பார்த்தவர் பேர்சி ஒலிவர். முதல் உலகப் போர்க் காலத்தில் பெல்ஜியத்திலிருந்து ஓடிவந்த அகதிகளுக்கு அவரும் மனைவியும் உதவினார்கள். அந்தச் சேவைக்காக 1918இல் அவருக்கு அரசு ஓ.பி.ஈ. விருது வழங்கியது. 1921இல், செஞ்சிலுவைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு அவர் செயலாளராக இருந்தபோது, கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலையிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு நோயாளிக்கு அவசரமாக இரத்தம் வேண்டும், யாராவது வரமுடியுமா என்று கேட்டார்கள். ஒலிவரும் அவரோடு சிலரும் போனார்கள். அவர்களில் ஒரு தாதியின் இரத்தம் பொருந்தியது.

இத்தோடு விட்டிருந்தால் அது ஒரு நல்ல காரியம், அவ்வளவுதான். ஒலிவர் வீட்டுக்குப் போய் ஒரு பட்டியல் போட்டார். விருப்பமானவர்களின் பெயர், விலாசம், இரத்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார் என்ற விபரம் எல்லாம் அட்டைகளில் பதிவாயின. வைத்தியசாலை அழைத்தால் பொருத்தமான ஆளை ஒலிவர் அனுப்பிவைப்பார். கொடுத்தவருக்குக் காசு கிடையாது. இந்த வேலை அவருடைய வீட்டிலிருந்தே நடந்தது. உலகில் தொண்டர்களைக் கொண்டு ஒழுங்காக நடந்த முதல் இரத்ததான சேவை இது என்று சொல்வார்கள்.

அகதிகளோடு பழகிய ஒருவரிடமிருந்து இந்த எண்ணம் வந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். உறவினரைக் கூட்டிவா என்று அகதியிடம் சொல்லமுடியாது. அவனுடைய உறவுகள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள், அல்லது உயிரோடு இல்லை.

வங்கியும் சீட்டும்

இரத்தத்தைக் கெடாமல் வைத்திருக்கும் முறைகள் முதல் உலகப் போர்க் காலத்தில் வளர்ந்தன. 1937இல் சிக்காகோவின் குக் கவுண்டி வைத்தியசாலையில் பேர்னார்ட் ஃபன்ரஸ் என்ற வைத்தியர் ஒரு சேமிப்பு நிலையத்தை அமைத்து அதற்கு இரத்த வங்கி என்று பெயர் வைத்தார். பெயரைச் சும்மா வைக்கவில்லை. வங்கியில் போட்டவர்தான் எடுக்கலாம் என்பதுபோல, இரத்தம் எடுத்தால் திருப்பி வைக்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. பற்றும் வரவும் சரியாக இருக்கவேண்டும்.

இந்தக் கணக்கு நம் நாட்டிலும் நீண்டகாலம் இருந்தது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தால் இரண்டு பேரைக் கூட்டிவா என்று சொல்வார்கள். தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுப் பெடியன் என்று சைக்கிளில் ஆட்கள் போவார்கள். நம் ஆட்கள் இதில் பின்னிற்பதில்லை. யாருக்கு என்று தெரிந்தால் ஓடிப்போய்க் கொடுப்பார்கள். இதை நான் சீட்டுக்கு ஒப்பிடுவேன். சீட்டில் சேர்ந்தவருக்கு நெருக்கடி வந்தால் காசு கிடைக்கும். சேராதவருக்கு ஒரு சதமும் கிடையாது. பெரிய குடும்பம் உள்ளவருக்கு இரத்தம் கிடைக்கும். தனித்துப் போனவருக்கு யார் கொடுப்பது?

போர் வந்தபோது இந்தக் கேள்வி நம்மை நேரடியாகத் தாக்கியது. 1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. ஆண்டுக்கணக்காகத் திரும்பவில்லை. இரத்தத்தை 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கவேண்டும். மின்சாரமும் எரிபொருளும் தட்டுப்பாடான ஊரில் இரத்தத்தைச் சேமித்து வைப்பது எவ்வளவு பாடு என்று நான் விளக்கத் தேவையில்லை. ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர்களுக்கு உறவினரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

2009இல் வன்னியில் நடந்தது இதனினும் கொடியது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு விபரம் இருக்கிறது. இரத்தம் கிடைக்காத நிலையில், காயப்பட்டவரின் உடம்பிலிருந்து வழிந்த இரத்தத்தையே பிடித்து, துணியால் வடித்து, திரும்ப அவருக்கே ஏற்றினார்கள் வைத்தியர்கள். அங்கே உறவுகளை இழந்தவர்கள் நம் நேயர்களில் இருக்கிறார்கள். ஆகவே இதற்குமேல் நான் விரிக்கவில்லை. இரத்த வங்கி என்ற ஒன்று ஒழுங்காக இயங்குவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை உலகில் வேறு யாரையும்விட நாம் அறிவோம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இலங்கையில் அந்தப் பழைய முறை இப்போது மாறிவிட்டது. 2014ஆம் ஆண்டளவில் இரத்ததானம் முழுவதும் தொண்டர்களிடமிருந்தே பெறப்படும் நிலை வந்தது. இந்தியாவில் காசுக்கு இரத்தம் கொடுக்கும் தொழிலை நிறுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து அது தடைசெய்யப்பட்டது. காசுக்குக் கொடுப்பவர் தனக்குள்ள வருத்தத்தை மறைக்கத் தூண்டப்படுவார் என்பதே அடிப்படைக் காரணம். பிரித்தானியப் பேராசிரியர் றிச்சர்ட் ரிற்மஸ் 1970இல் எழுதிய நூலில் இதனைத்தான் அமெரிக்க, பிரித்தானிய அனுபவங்களை ஒப்பிட்டு எடுத்துச் சொன்னார். நியூசிலாந்திலும் இரத்தத்துக்குக் காசு கொடுப்பதில்லை. 1998இலிருந்து நாடு முழுவதற்கும் நியூசிலாந்து இரத்த சேவை என்ற ஒரே நிறுவனம் இதனை நடத்துகிறது.

வலது கை கொடுத்தது

லைலியின் கதைக்குத் திரும்புவோம். கருவில் இரத்தம் ஏற்றுவது நோய் வந்தபின் செய்யும் வைத்தியம். நோயை வராமலே தடுக்கும் வழியை அறுபதுகளில் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் அமெரிக்காவின் நியூயோர்க்கிலும் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. நெகற்றிவ் தாய்க்குப் பிரசவத்தை ஒட்டி அன்டி-டி என்ற ஊசியைப் போட்டால் அவருடைய உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்காது. அடுத்த பிள்ளை தப்பிக்கொள்ளும். ஆனால் அந்த மருந்தை மனித இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்துதான் எடுக்கவேண்டியிருந்தது. அதுவும் எல்லோரிடமும் இருக்காது. ஏற்கனவே அந்த எதிர்ப்புப் பொருள் உடம்பில் உள்ள ஒரு சிலரே கொடுக்கமுடியும்.

அப்படி ஒருவர்தான் அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹரிசன். 14 வயதில் நுரையீரலில் பெரிய சத்திரசிகிச்சை நடந்து, முன்பின் தெரியாதவர்களின் இரத்தத்தால் பிழைத்தவர். வயது வந்ததும் நானும் கொடுப்பேன் என்று சொன்னார். 18 வயதானதும், 1954இல், தொடங்கினார். அவருடைய பிளாஸ்மாவில் இந்த அருமையான பொருள் இருப்பது பின்னர் தெரியவந்தது. 2018இல் 81 வயதில் வயதெல்லை காரணமாக நிறுத்தும்வரை 1,173 தடவை கொடுத்தார். பிளாஸ்மாவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஆண்டுக்கு 26 தடவை என்று வைத்தாலும் 1,173ஐ எட்ட 45 ஆண்டுகள் வேண்டும். ஊசியைக் கண்டால் அவருக்குப் பயம். ஒருநாளும் ஊசி ஏறுவதைப் பார்த்ததில்லையாம். அவருடைய கொடையிலிருந்து எடுத்த மருந்து ஏறத்தாழ 24 இலட்சம் குழந்தைகளைப் பாதுகாக்க உதவியது என்று அவுஸ்திரேலியச் செஞ்சிலுவையின் இரத்த சேவை கணக்கிட்டிருக்கிறது. 2025 பெப்ரவரியில் 88 வயதில், உறக்கத்தில் அவர் காலமானார்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். ஹரிசன் 1,163 தடவை வலது கையிலிருந்தும் 10 தடவை மட்டும் இடது கையிலிருந்தும் கொடுத்தார்!

ஐரோப்பிய வம்சத்தவரில் நூற்றுக்கு 15 பேரளவில் ஆர்எச் நெகற்றிவ். நம்மவரில் நூற்றுக்கு 5 பேரளவுதான். ஆகவே இது வெள்ளைக்காரரின் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். அந்த ஐந்து பேரில் ஒருத்தி உங்கள் மகளாகவோ மருமகளாகவோ இருக்கலாம். அவளுக்குப் போடும் ஊசி, அவளுடைய முகத்தை ஒருநாளும் காணாத ஒருவரின் கையிலிருந்து வந்தது.

அவசரமும் ஒழுங்கும்

2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் மக்கள் இரத்தம் கொடுக்க வரிசை வரிசையாக நின்றார்கள். சில வாரங்களில் இலட்சக்கணக்கான பைகள் சேர்ந்தன. காயப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்டது 300 பைகளுக்கும் குறைவு. மிஞ்சியதில் பெருந்தொகை காலாவதியாகிக் கழிக்கப்பட்டது. செங்குருதிக் கலங்களை இங்கே 35 நாட்கள்தான் வைத்திருக்கலாம். குருதிச் சிறுதட்டுகளை ஏழு நாட்களுக்குமேல் வைக்கமுடியாது. ஆபத்து நடந்த அன்று உயிர் காப்பது அன்று கொடுத்த இரத்தமன்று. வகை பார்த்து, நோய்க்கிருமி பரிசோதித்து, முந்திய வாரமே தட்டில் வைக்கப்பட்ட இரத்தம்தான் காப்பாற்றும். அதைக் கொடுத்தவர் எந்த ஆபத்தையும் பார்த்து வரவில்லை. நாட்காட்டியைப் பார்த்து வந்தார்.

நம் சமூகம் அவசரத்துக்கு ஓடுவதில் சிறந்தது. கோயில் திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் நம்மைப்போல் ஓடுபவர்களைக் காணமுடியாது. நாட்காட்டி பார்த்துப் போவதற்குத்தான் இன்னும் பழகவேண்டும்.

அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. 1980க்கும் 1996க்கும் இடையில் பிரித்தானியாவிலோ பிரான்சிலோ அயர்லாந்திலோ மொத்தம் ஆறு மாதம் இருந்தவர்கள் இங்கே இரத்தம் கொடுக்கமுடியாது என்று மாட்டுப் பித்து நோய்ப் பயத்தால் 2000ஆம் ஆண்டில் ஒரு விதி வந்தது. நம்மவர்கள் லண்டனுக்கும் பரிசுக்கும் போய்ச் சேர்ந்த ஆண்டுகள் அவைதானே! பின்னர் இங்கு வந்து குடியேறியவர்கள் பலர் அந்த விதியால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் அத்தோடு இந்த எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். நேயர்களே, 2024 பெப்ரவரியில் அந்த விதி நீக்கப்பட்டுவிட்டது. அன்று வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் இன்று மறுபடியும் கேட்டுப் பார்க்கலாம். மலேரியாவைப் பற்றியும் சிலர் யோசிப்பதுண்டு. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. பயணம் பற்றிய கேள்விகளை இரத்த சேவை இன்னமும் கேட்கும். உள்ளதைச் சொன்னால் முடிவை அவர்களே எடுப்பார்கள்.

நாம் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்நாட்டில் பி வகை இரத்தம் உள்ளவர்கள் பத்தில் ஒருவரளவுதான். நம்மவரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் பி. அதைவிட நுணுக்கமான வேறுபாடுகளும் இருக்கின்றன. 1952இல் பம்பாயில் கண்டுபிடிக்கப்பட்டு பம்பாய் வகை என்றே பெயர் பெற்ற ஓர் அரிய இரத்தம் உண்டு. அந்த வகையினருக்கு ஓ நெகற்றிவ்கூடச் சரிவராது, இன்னொரு பம்பாய் வகைக்காரரே கொடுக்கவேண்டும். அடிக்கடி இரத்தம் ஏற்றவேண்டிய தலசீமியா நோயாளிகளுக்கும் நுணுக்கமாகப் பொருந்தும் இரத்தமே நல்லது. பொருந்துகிறவர் பெரும்பாலும் அதே வம்சத்தில்தான் இருப்பார். தெற்காசியர்கள் கொடுக்காவிட்டால், தெற்காசிய நோயாளிக்குத் தேடும்போது அலுமாரியில் இருக்காது. நூற்றுக்கு நூறு தொண்டில் நடக்கும் இந்த நாட்டிலும், கொடுக்கத் தகுதியுள்ளவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவானவர்களே கொடுக்கிறார்கள்.

நானும் ஒழுங்காகக் கொடுப்பவன் என்பதால் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். 16 வயதும் 50 கிலோ நிறையும் இருக்கவேண்டும். முதலில் வினாக்கொத்து. பிறகு விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். நம் பெண்களில், சிறப்பாக மரக்கறி உணவுக்காரரில், சிலருக்கு அது குறைவாக இருக்கும். குறைவென்றால் அன்று எடுக்கமாட்டார்கள். வைத்தியரிடம் காட்டவேண்டிய விஷயம் ஒன்று இலவசமாகத் தெரியவந்ததே என்று எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பது 470 மில்லிலீற்றர். ஊசி ஏறியபின் பத்து நிமிடமளவில் முடிந்துவிடும். அதன்பின் தேநீரும் பிஸ்கற்றும். அடுத்த தடவைக்குப் பன்னிரண்டு வாரம் பொறுக்கவேண்டும். பிளாஸ்மா கொடுப்பவர்கள் இரண்டு வாரத்தில் வரலாம். அந்தப் பிளாஸ்மா மெல்பேர்ணில் உள்ள ஆலைக்குப் போய் மருந்தாகித் திரும்புகிறது.

நேயர்களே, இந்நாட்டு வைத்தியசாலையில் நம்மில் எவருக்காவது இரத்தம் ஏற்றியபோது, உன் உறவினர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எந்த நாட்டவன், எப்படி வந்தாய் என்றும் கேட்கவில்லை. பை வந்தது, ஏறியது. பேர்சி ஒலிவர் அட்டைகளில் எழுதத் தொடங்கியதிலிருந்து ஒரு நூற்றாண்டாக, ஊர் பேர் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் போட்டுவைத்த வைப்பு அது. நாம் வந்து இறங்கிய நாளிலிருந்து நமக்கும் அதில் உரிமை தரப்பட்டது. எடுக்கும் உரிமை உள்ள கணக்கில் போடும் பொறுப்பும் உண்டு.

உங்கள் வீட்டில் 16 வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய இரத்த வகை என்னவென்று இருவருக்குமே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

அடுத்த மாதம் வேறொரு பேச்சோடு சந்திப்போம்.